புனலும் அனலும்: மைசூர் நாட்டு மின்சார வரலாறு

மைசூர் அரண்மனையில் விளக்கேற்றும் காட்சியைக் காணாத தமிழர் அந்நகரில் இருத்தல் அரிது. ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் தசராத் திருநாட்களிலும் ஏறத்தாழ 1 லட்சம் விளக்குகள் ஒரே கணத்தில் சுடர்விடுகின்றன. கூடி நிற்போர் வியந்து ஆரவாரிக்கின்றனர். இவ்வொளி எங்கிருந்து வருகின்றது என்று அவர்களுள் ஒருவரைக் கேட்டால், சிவசமுத்திரத்திலிருந்து என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அரண்மனைக்கு மின்விளக்கு வந்த 1908ஆம் ஆண்டில் அவ்விடை முற்றும் பொருந்துவதாக இருந்தது. இன்றோ அது விடையின் ஒரு சிறு பகுதியே. காவிரியின் நீரோடு, மைசூருக்கு வடக்கே 400 கிலோமீட்டருக்கும் அப்பால் ராய்ச்சூர் மாவட்டத்தில் எரிகின்ற நிலக்கரியும் மாநிலத்தின் மின்கம்பிகளில் கலந்து வருகின்றது.

நீரால் பெறும் மின்சாரத்தைப் புனல் மின்சாரம் என்றும், நெருப்பால் பெறுவதை அனல் மின்சாரம் என்றும் தமிழில் வழங்குகின்றோம். கன்னடத்தார் முன்னதை ஜலவித்யுத் என்றும் பின்னதைச் சாகோத்பன்ன வித்யுத் என்றும் கூறுவர். அரசாங்க ஏடுகளை மொழிபெயர்க்கும் தொழிலுடைய எனக்கு, புனல், அனல் என்னும் இரட்டைச் சொற்களின் சுருக்கம் எப்போதும் மகிழ்ச்சி தருவது. ஓரெழுத்தே அவற்றை வேறுபடுத்துகின்றது. ஆயினும், மைசூர் நாடு புனலிலிருந்து அனலுக்குச் செல்ல 83 ஆண்டுகள் ஆயின. அருவிகள் நிறைந்த நாடு, தன் மண்ணில் ஒரு பிடி நிலக்கரியும் இல்லாத நாடு, கரியை நாடிச் சென்றது ஏன்? சென்றதனால் பெற்றது யாது, கொடுத்த விலை யாது? இவ்வினாக்களையே இன்று நாம் எண்ணிப் பார்க்கப் புகுகின்றோம்.

வரலாறு காவிரியில் தொடங்குகின்றது. மைசூரின் கிழக்கே காவிரி இரண்டாகப் பிரிந்து, ககனசுக்கி, பரசுக்கி என்னும் இரு அருவிகளாக விழுகின்றது. அதற்கு அடுத்திருந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதைப் பலர் மறந்திருத்தல் கூடும். இரு ஆட்சிகளின் எல்லையிலே விழுந்த அந்நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டத்தை நிறைவேற்ற முனைந்தவர் திவான் சேஷாத்ரி ஐயர். 1845இல் பாலக்காட்டுப் பகுதியிலே தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், 1883 முதல் 1901 வரை மைசூரின் திவானாக விளங்கினார். அவருக்குத் துணைநின்ற பொறியாளர் ஜோலி டி லாட்பினியர். நீர்ச்சக்கரங்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வீஸ் நிறுவனத்திலிருந்தும், மின்பொறிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்தும் வந்தன.

இந்தியாவின் முதற் புனல் மின்னிலையம் சிவசமுத்திரமே என்று சிலர் எழுதுவர். அது சரியன்று. டார்ஜிலிங்கில் 1897லேயே ஒரு சிறு நிலையம் அமைந்துவிட்டது. சிவசமுத்திரத்தின் பெருமை வேறு. பேரளவில் மின்சாரம் ஆக்கி, அதை நெடுந்தொலைவு கொண்டுசென்று தொழிலுக்குப் பயன்படுத்திய சாதனை அது. 1902 ஜூன் மாத இறுதியில் அங்கிருந்து புறப்பட்ட மின்சாரம் 147 கிலோமீட்டர் ஓடிக் கோலார் தங்கவயலை அடைந்தது. அந்நாளில் ஆசியாவிலேயே அதனினும் நீண்ட மின்பாதை இல்லை. சேஷாத்ரி ஐயர் அதனைக் காண உயிரோடு இல்லை. 1901 செப்டம்பரில் அவர் மறைந்துவிட்டார்.

மின்சாரம் முதலில் சென்ற இடம் அரண்மனையன்று, தலைநகரன்று, தங்கச்சுரங்கம் என்பது கருதத்தக்கது. விறகையும் தொலைவிலிருந்து வந்த நிலக்கரியையும் எரித்து நீராவி இயந்திரங்களை ஓட்டிய சுரங்க நிறுவனங்களுக்கு, எரிபொருட் செலவு பெருஞ்சுமையாய் இருந்தது. அச்சுமையைக் குறைக்கவே அவை மைசூர் அரசின் மின்சாரத்தை வாங்க ஒப்பின. ஆகவே, மைசூரின் புனல் மின்சாரம் பிறந்ததே நிலக்கரியைத் தவிர்ப்பதற்காகத்தான் எனலாம். அச்சுரங்கங்களின் ஆழத்தில் உழைத்தவருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். பாறைத்தூளைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர் அவர்களுள் பலர். பெங்களூருக்கு 1905இலும் மைசூர் நகருக்கு 1908இலும் கிடைத்த ஒளிக்கு வழிவகுத்த முதல் வாடிக்கை, அவர்கள் தோண்டிய பொன்னே. மைசூரின் மின்சார வரலாற்றில் தமிழரின் பங்கு திவானோடு முடிந்துவிடுவதில்லை.

முதலில் அமைந்த ஆறு மின்பொறிகளின் மொத்தத் திறன் 4,320 கிலோவாட். தேவை விரைவில் பெருகிற்று. நிலையமும் படிப்படியாக விரிந்தது. ஆனால் பொறிகளை எத்தனை கூட்டினும், கோடையில் காவிரி மெலிந்தால் சக்கரம் சுழலாது. மழைக்காலத்து நீரைத் தேக்கி வைத்து ஆண்டு முழுதும் சீராக விடுவதற்கு ஓர் அணை வேண்டியதாயிற்று. 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர அணையின் நோக்கங்களுள் சிவசமுத்திரத்துக்குத் தடையின்றி நீர் வழங்குவதும் ஒன்று. விசுவேசுவரய்யா மைசூரின் தலைமைப் பொறியாளராகவும் பின்னர்த் திவானாகவும் இருந்து அதனை முன்னின்று நடத்தினார்.

அணை எழுந்தபோது வழக்கும் எழுந்தது. தஞ்சைத் தரணியின் பாசனம் என்னாகும் என்று சென்னை அரசு கவலையுற்றது இயல்பே. நெடிய பேச்சுகளுக்குப்பின் 1924 பிப்ரவரியில் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்பின் சென்னை அரசு மேட்டூர் அணையைக் கட்டி 1934இல் முடித்தது. விளக்கு எரிக்கவும் வயல் நனைக்கவும் ஒரே ஆறு. அவ்வாறு பல நாட்டாருக்கும் பொது. மேல்நாட்டார் தேக்கும்போது கீழ்நாட்டார் அஞ்சுவர். இவ்வுண்மை அன்று முதல் இன்று வரை மாறவில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிய பின்னும், மழை குறைந்த ஆண்டுகளில் இரு மாநிலங்களுக்கும் இடையே மனக்கசப்பு மீள்வதைக் காண்கின்றோம்.

காவிரியை மேலும் நெருக்குதல் இயலாது என்று கண்ட மைசூர், மேற்கு நோக்கித் திரும்பிற்று. மேலைத் தொடரில் பெய்து மேலைக் கடலை நோக்கி ஓடும் சராவதி ஆற்றின் நீருக்கு அத்தகைய வழக்காளிகள் இல்லை. ஜோக் அருவியின் கீழ் 1948இல் ஒரு மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர், லிங்கனமக்கி அணையின் துணையோடு 1960களின் நடுவில் எழுந்த சராவதி மின்னிலையம் அக்காலத்தில் நாட்டின் மிகப்பெரிய மின்னிலையங்களுள் ஒன்று. பத்துப் பொறிகளைக் கொண்ட அதன் இன்றைய திறன் 1,035 மெகாவாட். ஒரு மெகாவாட் என்பது 1,000 கிலோவாட். அந்த ஆண்டுகளில் மைசூர் மாநிலம் தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை அண்டை மாநிலங்களுக்கும் வழங்கிற்று. பெங்களூரில் விமானத் தொழிற்சாலையும், தொலைபேசித் தொழிற்சாலையும், கைக்கடிகாரமும் கருவிகளும் செய்யும் ஆலைகளும் தழைத்தன. அவற்றில் வேலை தேடிவந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்பதை நேயர்களே அறிவீர்கள்.

எரிபொருட் செலவு இல்லை, புகை இல்லை, சாம்பல் இல்லை. இத்தகைய மின்சாரம் கைவசம் இருக்கையில் வேறொன்றை நாடுவார் யார்? அங்கேதான் இடர் ஒளிந்திருந்தது. 1972ஆம் ஆண்டில் நாட்டின் பல பகுதிகளிலும் பருவமழை பொய்த்தது. அணைகளில் நீர் தாழ்ந்தது. மின்வெட்டு என்னும் சொல் மைசூர் மாநிலத்திலும் அன்றாட வழக்காயிற்று. எல்லா மின்னிலையங்களும் ஒரே தென்மேற்குப் பருவமழையை நம்பியிருந்தமையால், ஒன்று தளரும்போது அனைத்தும் தளர்ந்தன. ஒரே களஞ்சியத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தின் நிலை அது.

அண்டை நாடாகிய தமிழகம் இப்பாடத்தைச் சற்று முன்னரே கற்றுக்கொண்டது. பைக்காராவும் மேட்டூரும் பாபநாசமும் புனல் மின்சாரம் தந்தபோதே, சென்னையில் பேசின் பாலத்து அனல் மின்னிலையம் இயங்கிற்று. 1956இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. சோவியத் நாட்டின் உதவியோடு கட்டப்பட்ட நெய்வேலி முதல் அனல் மின்னிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி, 1970இல் 600 மெகாவாட் திறனை எட்டியது. எண்ணூர் அனல் மின்னிலையமும் 1970இல் இயங்கத் தொடங்கிற்று. தென்னார்க்காட்டு மண்ணின் அடியில் பழுப்பு நிலக்கரி கிடைத்தது தமிழகத்தின் நற்பேறு. மைசூருக்கு அத்தகைய பேறு இல்லை. வேண்டிய கரியனைத்தும் வெளியிலிருந்தே வரவேண்டும்.

மின்னுற்பத்தியைக் கவனிக்க 1970 ஜூலையில் மைசூர் மின் கழகம் நிறுவப்பட்டது. 1973 நவம்பரில் மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் மாறியபின் அது கர்நாடக மின் கழகமாயிற்று. காளி ஆற்றுப் புனல் திட்டத்தை நடத்திக்கொண்டே, அக்கழகம் முதன்முதலாக ஓர் அனல் மின்னிலையத்தையும் எழுப்ப முனைந்தது. அதற்குத் தேர்ந்த இடம் ராய்ச்சூர் நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், கிருஷ்ணா நதிக்கரையில் தேவசுகூருக்கு அருகே உள்ளது. இன்று அவ்விடம் சக்திநகர் என்று வழங்குகின்றது.

அனல் மின்னிலையத்துக்கு மூன்று வேண்டும்: கரி, நீர், கரியைக் கொண்டுவரும் இருப்புப்பாதை. ராய்ச்சூரில் மூன்றும் ஓரளவு கூடின. கிருஷ்ணை அருகில் ஓடுகின்றது. பம்பாயையும் சென்னையையும் இணைக்கும் பழைய ரயில்பாதை அவ்வழியே செல்கின்றது. கோதாவரிப் பள்ளத்தாக்கின் சிங்கரேணிச் சுரங்கங்கள் மற்ற நிலக்கரி வயல்களைவிட அண்மையில் உள்ளன. இவற்றோடு ஓர் அரசியல் உண்மையையும் சேர்த்து நோக்க வேண்டும். சிவசமுத்திரம் எழுந்த நாளில் ராய்ச்சூர் மைசூர் நாட்டைச் சேர்ந்ததன்று. நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பரில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் அது மைசூரோடு இணைந்தது. மன்னராட்சி மைசூர் தன் எல்லைக்குள் புனலை மட்டுமே கண்டது. விரிவடைந்த மைசூர் மாநிலத்துக்கு அனலை எட்டும் வாயில் ராய்ச்சூரில் கிடைத்தது.

நிலையம் இயங்கும் முறையைச் சுருங்கச் சொல்லலாம். ரயிலில் வரும் கரியை மாவுபோல் அரைத்து, காற்றோடு கலந்து கொதிகலனுள் ஊதி எரிக்கின்றனர். அவ்வெப்பத்தால் குழாய்களில் ஓடும் நீர் மிகுந்த அழுத்தமுள்ள நீராவியாகின்றது. நீராவி விசிறி போன்ற இதழ்களைத் தாக்கி உருளையைச் சுழற்ற, அதனோடு பொருந்திய மின்னாக்கி மின்சாரம் தருகின்றது. வேலை முடிந்த நீராவியை ஆற்றுநீரின் குளிர்ச்சியால் மீண்டும் நீராக்கிக் கொதிகலனுக்கே அனுப்புகின்றனர். சிவசமுத்திரத்தில் விழும் நீர் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. சக்திநகரில் கொதிக்கும் நீர் சுழற்றுகின்றது. அனல் நிலையத்திலும் சக்கரத்தைத் தள்ளுவது புனலே என்பதை நினைவிற் கொள்க.

210 மெகாவாட் திறனுடைய முதல் அலகு 1985 மார்ச்சு மாதத்தில் இயங்கத் தொடங்கியது. ஓராண்டு கழித்து 1986இல் இரண்டாம் அலகு வந்தது. மூன்றாவது 1991இலும், நான்காவது 1994இலும், ஐந்தாவதும் ஆறாவதும் 1999இலும், ஏழாவது 2002இலும் சேர்ந்தன. இவை ஏழும் ஒரே அளவின. 2010இல் 250 மெகாவாட் திறனுடைய எட்டாம் அலகு சேர, நிலையத்தின் மொத்தத் திறன் 1,720 மெகாவாட் ஆயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளில் எட்டுப் படிகள். ஒரே மூச்சில் எழுந்த மாளிகையன்று இது. குடும்பம் பெருகப் பெருக அறை சேர்த்துக் கட்டிய வீடு போன்றது.

இவ்வளவின் பெருமையை ஓர் ஒப்புமையால் உணரலாம். 1902இல் சிவசமுத்திரத்தில் இருந்த ஆறு பொறிகளும் சேர்ந்து தந்த திறனைப்போல் ஏறத்தாழ 48 மடங்கு, ராய்ச்சூரின் ஒரே ஓர் அலகின் திறன். மற்றொரு வேறுபாடும் உண்டு. 1902இன் பொறிகள் கடல் கடந்து வந்தவை. ராய்ச்சூரின் பொறிகள் இந்திய அரசின் பாரத மிகுமின் நிறுவனம் செய்தவை. அந்நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை நம் திருச்சிராப்பள்ளியில் உள்ளது என்பதை அறியும்போது, வெளிமாநிலத்துத் தமிழர் உள்ளம் சிறிது பூரிப்பதில் தவறில்லை.

இனி, செலவுக் கணக்கைப் பார்ப்போம். வீட்டு மின்கணக்கில் நாம் ஒரு யூனிட் என்று கூறும் மின்சாரத்தை ஆக்க, ஏறத்தாழ 700 கிராம் இந்திய நிலக்கரி எரிய வேண்டும். எட்டு அலகுகளும் ஒரு நாள் முழுத்திறனில் ஓடினால், 4 கோடி யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்சாரம் கிடைக்கும். அதற்கு 28,000 டன்னுக்கும் மேற்பட்ட கரி வேண்டும். ஒரு சரக்கு ரயில் ஏறத்தாழ 4,000 டன் கொணரும் எனக் கொண்டால், நாள்தோறும் ஏழு ரயில்கள் தவறாது வந்தாக வேண்டும். சிங்கரேணிக் கரி போதாமல், மகாராஷ்டிரத்து வயல்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கரி வருவிக்கப்படுகின்றது.

ரயில் தவறினால் என்னாகும்? 2021 அக்டோபரில் நாடெங்கும் நிலக்கரித் தட்டுப்பாடு நேர்ந்தபோது, ராய்ச்சூரிலும் சில அலகுகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது. ஆறு வற்றினால் என்னாகும்? கோடையில் கிருஷ்ணை மெலிந்த ஆண்டுகளில், மேலே உள்ள நாராயணபுர அணையிலிருந்து இந்நிலையத்துக்கென நீர் திறந்துவிட வேண்டியிருந்தது. மழையின் பிடியிலிருந்து விடுபடக் கரியை நாடிச் சென்ற நாடு, கரியை எரிப்பதற்கும் நீருக்காக வானத்தையே நோக்கி நிற்கின்றது. இரண்டாம் களஞ்சியத்தின் திறவுகோலும் முற்றும் நம் கையில் இல்லை.

மேட்டூரில் தமிழகம் கண்டதும் இதுவே. 1987க்கும் 1990க்கும் இடையில், காவிரி அணையின் அருகிலேயே நான்கு அலகுகள் கொண்ட 840 மெகாவாட் அனல் மின்னிலையம் எழுந்தது. அதற்கு வேண்டிய கரி ஒடிசாவிலிருந்து கப்பலில் வந்து, பின் ரயிலேறிச் சேலத்தைக் கடந்து செல்கின்றது. மேல்நாட்டாரும் கீழ்நாட்டாரும் ஓர் ஆற்றின் நீருக்காக வழக்காடிய அதே காலத்தில், இருவரும் ஒரே காரணத்தால் ஒரே முடிவுக்கு வந்தனர் என்பதை வரலாறு காட்டுகின்றது.

மூன்றாவது செலவு சாம்பல். இந்திய நிலக்கரியில் மூன்றிலொரு பங்கு வரை, சில வேளை அதற்கு மேலும், எரியாத மண்ணே. அவ்வாறாயின், 28,000 டன் கரி எரியும் நாளில் 9,000 டன்னுக்கு மேற்பட்ட சாம்பல் எஞ்சும். புகைபோக்கிக்குச் செல்லும் தூளை மின்விசையால் ஈர்த்துப் பிடிக்கும் கருவிகள் உண்டு. பிடித்த தூளில் ஒரு பகுதி சிமென்டுக்கும் செங்கல்லுக்கும் செல்கின்றது. எஞ்சியது நீரோடு கலந்து பரந்த சாம்பற்குளங்களை அடைகின்றது. காற்று வீசும் கோடையில் அக்குளங்களின் அருகில் வாழ்வோர் படும் துயரத்தை, எந்த அனல் மின்னிலையத்தின் பக்கத்து ஊரிலும் கேட்டறியலாம். புகை பற்றிய கடுமையான விதிகளை மைய அரசு 2015 டிசம்பரில் வெளியிட்டது. அவற்றை நிறைவேற்றும் கெடுவோ பன்முறை நீட்டிக்கப்பட்டுள்ளது.

இந்தச் சாம்பலை யார் ஏற்பது என்னும் வினா, மைசூரின் வாசலுக்கே ஒருமுறை வந்தது. மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில் உள்ள சாமலாபுரத்தில் 1,000 மெகாவாட் அனல் மின்னிலையம் ஒன்றை அமைக்க 2007ஆம் ஆண்டளவில் மாநில அரசு கருதியது. அவ்வட்டம் நாகரஹொளே, பந்திப்பூர் காடுகளை அடுத்தது, கபினியால் வளம்பெறுவது. உழவர்கள் எதிர்த்தனர். மைசூர் நகரத்து அறிஞரும் பொதுமக்களும் அவர்களோடு சேர்ந்தனர். நிலையம் கட்டப்படவில்லை.

அவ்வெதிர்ப்பு நியாயமானதே. ஆயினும், அது ஒரு பெரிய வினாவை நம்முன் வைத்துச் சென்றது. சாமலாபுரத்துக்கு வேண்டாத சாம்பல் சக்திநகருக்கு மட்டும் வேண்டியதா? காடும் அரண்மனையும் கற்றோர் கூட்டமும் உடைய மாவட்டம் தன்னைக் காத்துக்கொள்ள முடிந்தது. மழை குறைந்த, வறுமை மிகுந்த, தலைநகரிலிருந்து தொலைவான மாவட்டம் ஏற்றுக்கொண்டது. சக்திநகரால் ராய்ச்சூருக்கு வேலையும் வணிகமும் வந்தன என்பது மெய். அம்மாவட்டத்து வெயிலும் வெப்பமும், அவற்றோடு கலந்த தூளும் மெய்யே. தங்கவயலின் ஆழத்தில் நம்மவர் பாறைத்தூளைச் சுவாசித்தபோது, பெங்களூரின் தெருவிளக்கை வியந்தோர் அதனை எண்ணவில்லை. ஒளி ஓரிடம், தூசு வேறிடம் என்னும் அப்பிரிவினை மின்சாரத்தோடு கூடவே பிறந்தது.

ராய்ச்சூரோடு கர்நாடகத்தின் அனல் வேட்கை நின்றுவிடவில்லை. பல்லாரி மாவட்டத்துக் குடதினியில் மூன்று அலகுகளும், ராய்ச்சூருக்கு அருகிலேயே எரமரசில் 800 மெகாவாட் அலகுகள் இரண்டும் பின்னர் எழுந்தன. மின்கம்பி வலையும் விரிந்தது. 2013 டிசம்பர் 31ஆம் நாள் ராய்ச்சூரையும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரையும் இணைக்கும் உயரழுத்த மின்பாதை இயங்கத் தொடங்கியபோது, அதுவரை தனித்திருந்த தென்னாட்டு மின்வலை நாட்டின் பிற பகுதியோடு ஒன்றாயிற்று. ஒரு காலத்தில் அரசர்கள் போரிட்ட கிருஷ்ணா, துங்கபத்திரை இடைநிலம், இன்று வடக்கையும் தெற்கையும் இணைக்கும் முடிச்சாக விளங்குகின்றது. நெய்வேலியின் இரண்டாம் அனல் மின்னிலையம் தரும் மின்சாரத்தில் கர்நாடகத்துக்கும் பங்கு உண்டு. ஆற்றுநீரைப் பங்கிடுவதில் நேர்ந்த கசப்பு மின்சாரத்தைப் பங்கிடுவதில் நேரவில்லை என்பதை இரு மாநிலத்தாரும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

இப்போது மூன்றாவது ஆற்றலும் வந்துள்ளது. தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில் 2019க்குள் 2,050 மெகாவாட் திறனுடைய கதிரவன் மின்பூங்கா நிறைவுற்றது. மழைக்காலத்தில் அணையும் காற்றாலையும் மிகுதியாகத் தரும்போது ராய்ச்சூரின் அலகுகள் சில ஓய்ந்திருத்தல் வழக்கமாயிற்று. கரியின் காலம் முடிந்தது என்று சிலர் கருதினர். 2023இல் பருவமழை மீண்டும் ஏமாற்றியது. கர்நாடகத்தின் 200க்கும் மேற்பட்ட வட்டங்கள் வறட்சிக்கு உள்ளானவை என அறிவிக்கப்பட்டன. ஏற்றப் பொறிகளுக்கு மின்சாரம் வேண்டி உழவர்கள் குரலெழுப்பினர். அணைகளில் நீர் இல்லை. கதிரவன் மாலையில் மறைவான். அந்த இரவுகளில் நாடு மீண்டும் அனலையே நாடியது. அதே ஆண்டில் காவிரி நீருக்காகவும் இரு மாநிலங்களிலும் கிளர்ச்சிகள் நிகழ்ந்தன.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? மைசூர் நாடு புனலைக் கைவிட்டு அனலைத் தழுவவில்லை. புனல் தவறும் நாளுக்கென அனலைச் சேர்த்து வைத்தது. அச்செயல் பிழையன்று, 1972ஐக் கண்டவர் அவ்வாறே செய்திருப்பர். ஆனால், காப்பாக வந்தது நாளடைவில் கட்டாயமாக வளர்ந்தது. ஒவ்வோர் அலகும் பஞ்சத்துக்கு மருந்தென்று வந்து, பின் நாளாந்த உணவாயிற்று. புனலுக்கு நாம் கொடுக்கும் விலையைக் கீழ்நாட்டு உழவரும் அணையில் மூழ்கிய ஊர்களும் ஏற்கின்றனர். அனலுக்குக் கொடுக்கும் விலையைச் சாம்பற்குளத்தின் அருகே வாழ்வோர் ஏற்கின்றனர். எவ்விலையும் இல்லாத மின்சாரம் என ஒன்று இதுவரை வந்ததில்லை.

ராய்ச்சூரின் முதல் அலகு 2025இல் நாற்பது ஆண்டுகளைக் கடந்தது. நெய்வேலியின் முதல் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. எண்ணூரின் பழைய நிலையம் 2017இலேயே மூடப்பட்டது. ராய்ச்சூரின் முதிய அலகுகளுக்கும் அந்நாள் வரும். அப்போது அவற்றுக்கு ஈடாக எதை எங்கே அமைப்பது என்னும் ஆராய்ச்சி எழும். பொறியாளர்கள் மெகாவாட்டைக் கணக்கிடுவர். பொருளறிஞர்கள் ரூபாயைக் கணக்கிடுவர். சக்திநகரில் நாற்பதாண்டுச் சாம்பலோடு வாழ்ந்தவரையும் அழைத்து ஒரு சொல் கேட்பது அறமாகும். தங்கவயலின் தூளைச் சுவாசித்தவர்களின் வழிவந்த நாம், பிற மாநிலங்களில் வாழ்ந்து அவற்றின் ஒளியைத் துய்ப்பவர்களாகிய நாம், அவ்வாறு கேட்கப்பட வேண்டும் என்று கூறுவதற்கு மற்றவரினும் சிறிது கூடுதலான கடமை உடையோம்.